பிள்ளைக்கு ஒரு கணக்கு: எங்கள் பள்ளியில் இரண்டு ஆண்டுகளாகச் சாம்பா

2024 பிப்ரவரியில், பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வுக்கு நான்கு நாள் இருக்கும்போது, ஒரு மாணவி என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். "டீச்சர், என் ஃபோல்டரைக் காணவில்லை" என்றாள். 22-ஆம் எண் கணினியில் அவள் பெயரிட்டு வைத்திருந்த கோப்புறையில்தான் அவளுடைய பைத்தான் நிரல்கள் எல்லாம் இருந்தன. முந்தின பாடவேளையில் உட்கார்ந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைகள், வட்டில் இடமில்லை என்று கணினி சொன்னதும், கண்ணில் பட்ட கோப்புறைகளை அழித்திருக்கிறார்கள். அவர்களைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆய்வகத்தின் எல்லாக் கணினிகளிலும் 'ஸ்டூடன்ட்' என்ற ஒரே கணக்குதான். கடவுச்சொல்லைக் கரும்பலகையின் வலது மூலையில் நானே எழுதி வைத்திருந்தேன். எல்லாருக்கும் பொதுவான வீட்டில் எது யாருடைய பொருள் என்று பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்?

அன்று மாலை அவளும் நானும் ரெக்கார்டு நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு நிரல்களை மறுபடியும் தட்டச்சு செய்தோம். ஆறரை மணிவரை அவள் அப்பா சைக்கிளோடு வாசலில் காத்திருந்தார்.

நான் தஞ்சாவூர் மாவட்டத்தில் அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் கணினி ஆசிரியை. ஆய்வகத்தில் 32 கணினிகள், அலுவலகத்தில் 3, ஆசிரியர் அறையிலும் நூலகத்திலும் இரண்டிரண்டு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை எழுநூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். அந்த பிப்ரவரிக்குப் பிறகு, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கணக்கு இல்லாமல் இன்னொரு கல்வியாண்டைத் தொடங்கக் கூடாது என்று முடிவு செய்தேன். மே விடுமுறையில் சாம்பா என்ற இலவச மென்பொருளை டைரக்டரி சர்வராக நிறுவினோம். இரண்டு கல்வியாண்டுகள் அதனோடு வாழ்ந்துவிட்டேன். என்னைப் போலவே ஒற்றை ஆளாக ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர்களுக்காக இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

டைரக்டரி சர்வீஸ் என்றால் என்ன என்று தலைமை ஆசிரியர் கேட்டபோது, சேர்க்கைப் பதிவேட்டைக் காட்டித்தான் விளக்கினேன். ஒரு பிள்ளை பள்ளியில் சேர்ந்தால் ஓர் எண் கிடைக்கிறது. அந்த எண் வேறு யாருக்கும் போவதில்லை. பிள்ளை மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனாலும் பதிவேட்டில் அந்த வரி அப்படியே இருக்கும். டைரக்டரியும் இப்படி ஒரு பதிவேடுதான். பிள்ளைகளும் ஆசிரியர்களும் கணினிகளும் குழுக்களும் அதில் பதிவாகி இருப்பார்கள். ஆய்வகத்தின் எந்தக் கணினியில் யார் உட்கார்ந்தாலும், கணினி அந்த ஒரே பதிவேட்டைக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடும். உள்ளே வந்தவருக்குக் கெர்பரோஸ் என்ற முறை ஒரு டிக்கெட்டைக் கொடுக்கிறது. பொதுவாக 10 மணி நேரம் செல்லும். பஸ் பாஸ் போல அதைக் காட்டினால் போதும். கோப்புகளுக்கு ஒருமுறை, பிரின்டருக்கு ஒருமுறை என்று கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டியதில்லை.

மைக்ரோசாஃப்டின் டைரக்டரியான ஆக்டிவ் டைரக்டரி 2000-ஆம் ஆண்டில் விண்டோஸ் 2000 சர்வரோடு வந்தது. டைரக்டரியிடம் கேள்வி கேட்கும் மொழியான எல்டாப் அதற்கு முன்பே, 1993-இல், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்துவிட்டது. சாம்பாவின் கதை வேறு. கான்பெராவில் படித்துக்கொண்டிருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிரும் முறையை வேறு கணினிகளுக்கும் கொண்டுவரத் தொடங்கிய வேலை அது. அந்த முறையின் பெயரில் உள்ள எஸ், எம், பி என்ற மூன்று எழுத்துகளும் வரிசையாக வரும் சொல்லை அகராதியில் தேடியபோது கிடைத்த பெயர்தான் சாம்பா. மைக்ரோசாஃப்ட் தன் நெறிமுறை விவரங்களைப் போட்டியாளர்களுக்குத் தர வேண்டும் என்று ஐரோப்பிய ஆணையம் 2004-இல் உத்தரவிட்டது. நீதிமன்றம் 2007-இல் அதை உறுதிசெய்தது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே சாம்பா குழுவினருக்காக ஓர் அறக்கட்டளை 10,000 யூரோ கட்டி அந்த ஆவணங்களைப் பெற்றது. 2012 டிசம்பரில் வெளிவந்த சாம்பா 4.0 முதன்முறையாக ஆக்டிவ் டைரக்டரியின் இடத்தில் தானே நின்று வேலை செய்தது. காவிரிக் கரையில் ஓர் உதவிபெறும் பள்ளி உரிமக் கட்டணம் இல்லாமல் இதைப் பயன்படுத்துகிறது என்றால், அதற்குப் பின்னால் இத்தனை பேரின் பிடிவாதம் இருக்கிறது. அதை மதிக்காமல் இந்த மதிப்புரையை என்னால் எழுத முடியாது.

செலவைச் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் சர்வர் வாங்கினால் சர்வருக்கு ஓர் உரிமம், அதை அணுகும் ஒவ்வொரு பயனருக்கோ கருவிக்கோ தனித்தனி உரிமம் என்று கணக்கு நீளும். சாம்பாவுக்கு அது எதுவும் இல்லை. ஆய்வகத்திலிருந்து கழித்த இரண்டு பழைய மேசைக் கணினிகளை எடுத்துக்கொண்டோம். ஒன்று டைரக்டரிக்கு, மற்றொன்று பிள்ளைகளின் கோப்புகளுக்கு. டைரக்டரி சர்வரிலேயே கோப்புகளையும் வைக்க வேண்டாம் என்று சாம்பா குழுவினரே அறிவுறுத்துகிறார்கள். இரண்டு புதிய வட்டுகளுக்கும் யு.பி.எஸ். பேட்டரிக்குமாக 12,300 ரூபாயைப் பெற்றோர் ஆசிரியர் கழகம் கொடுத்தது.

நிறுவுவது கடினமில்லை. டெபியன் 12 லினக்ஸை ஏற்றினால் அதோடு சாம்பா 4.17 கிடைக்கிறது. டொமைனின் (ஒரே பதிவேட்டைக் கேட்டு நடக்கும் கணினிகளின் கூட்டம்) பெயர் என்ன, டி.என்.எஸ். (பெயரைச் சொன்னால் கணினியின் முகவரியைச் சொல்லும் சேவை) கேள்விகளை வெளியே யாருக்கு அனுப்ப வேண்டும், நிர்வாகியின் கடவுச்சொல் என்ன என்று ஐந்தாறு கேள்விகள் கேட்டுவிட்டுப் பதிவேட்டை உருவாக்கிக் கொடுத்துவிடும். டொமைனின் சுருக்கப் பெயர் 15 எழுத்தைத் தாண்டக் கூடாது. எங்கள் பள்ளியின் முழுப்பெயர் அதற்குள் அடங்காது என்பதால் முதலெழுத்துகளை மட்டும் வைத்தோம்.

உண்மையான தடை மறுநாள் வந்தது. முதல் கணினியை டொமைனில் சேர்க்கப் போனால், டொமைனைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்ற செய்தி வந்தது. கேபிளை மாற்றினேன், ஸ்விட்சை மாற்றினேன். ஒன்றரை நாள் போயிற்று. கடைசியில், சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் முன்னாள் மாணவர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "டீச்சர், அந்தக் கணினி எந்த டி.என்.எஸ்.-ஐப் பார்க்கிறது?" இணைய இணைப்புக்கான ரௌட்டர் தன் முகவரியையே டி.என்.எஸ். என்று எல்லாக் கணினிகளுக்கும் கொடுத்துக்கொண்டிருந்தது. டைரக்டரி எங்கே இருக்கிறது என்பதைக் கணினிகள் டி.என்.எஸ்.-இடம் விசாரித்துத்தான் தெரிந்துகொள்கின்றன. ரௌட்டருக்கு எங்கள் பள்ளிக்குள் இருக்கும் சர்வரைப் பற்றி எதுவும் தெரியாது. முகவரியைச் சாம்பா சர்வருக்கு மாற்றியதும் கணினி இரண்டு நிமிடத்தில் டொமைனில் சேர்ந்தது. இந்தப் பத்தியை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; உங்களுக்கு ஒன்றரை நாள் மிச்சமாகும்.

இன்னொன்றையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். விண்டோஸின் ஹோம் பதிப்பு டொமைனில் சேராது. நன்கொடையாக வந்த ஐந்து கணினிகளில் அதுதான் இருந்தது. அவற்றில் லினக்ஸை ஏற்றினோம். லினக்ஸ் கணினிகளும் இதே பதிவேட்டைப் பார்த்தே பிள்ளைகளை உள்ளே விடுகின்றன.

அடுத்தது பெயர். டைரக்டரியின் கட்டமைப்பை வகுத்தவர்கள் எல்லாருக்கும் குடும்பப் பெயர் உண்டு என்று நினைத்தவர்கள். எல்டாப் தரநிலையில் 'நபர்' என்ற வகைக்குக் குடும்பப் பெயர் கட்டாயம். ஆக்டிவ் டைரக்டரியும் அதைப் பின்பற்றும் சாம்பாவும் அதைக் காலியாக விட அனுமதிக்கின்றன, நல்லவேளை. நம் பிள்ளைகளுக்கு அப்பா பெயரின் முதலெழுத்தும் சொந்தப் பெயரும்தான். ஒரே வகுப்பில் மூன்று கார்த்திக், இரண்டு ஹரிணி. அதிலும் ஒரு ஹரிணிக்கும் இன்னொரு ஹரிணிக்கும் முதலெழுத்துகூட ஒன்றுதான். பெயரை வைத்துப் பயனர் பெயர் அமைத்தால் ஆண்டு முழுக்கக் குழப்பம். பயனர் பெயரின் நீளமும் 20 எழுத்துக்குள் இருக்க வேண்டும். ஆகவே சேர்க்கை எண்ணையே பயனர் பெயராக்கினேன். பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்திலிருந்து வகுப்புவாரியாகப் பட்டியல் எடுத்து, எங்கள் பதிவேட்டின் சேர்க்கை எண்ணோடு எக்செலில் ஒப்பிட்டுச் சரிபார்த்தேன். அந்தப் பட்டியலை வரிவரியாகப் படித்துக் கணக்கு உருவாக்கும் சிறு நிரலைப் பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் இருவர் என்னோடு உட்கார்ந்து எழுதினார்கள். எழுநூற்றுச் சொச்சம் கணக்குகளும் ஒரு பிற்பகலில் உருவாயின.

திரையில் காட்டும் பெயருக்கு டைரக்டரியில் தனி இடம் இருக்கிறது. அதில் தமிழை அப்படியே எழுதலாம்.

அந்த ஜூனில் ஆறாம் வகுப்பின் முதல் ஆய்வகப் பாடவேளை எனக்கு மறக்காது. முகிலன் என்ற பையன், வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே சேர்க்கை எண்ணைத் தட்டினான். ஒவ்வோர் எண்ணுக்கும் விசைப்பலகையை முழுதாக ஒருமுறை பார்த்தான். கடவுச்சொல்லில் ஒரு எழுத்துத் தவறியது, மறுபடி தட்டினான். புள்ளிகள் வட்டமாகச் சுற்றின. பிறகு திரையின் நடுவில் 'ச. முகிலன்' என்று தமிழில் வந்து நின்றது. அவன் திரையைத் தொடப் போய், தொடாமல் கையை இழுத்துக்கொண்டான். "டீச்சர், என் பெயர் இதற்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டான். சேர்க்கைப் பதிவேட்டில் உன் அப்பா கையெழுத்துப் போட்டாரே, அதிலிருந்துதான் என்றேன். அடுத்த பாடவேளையில் வேறு கணினியில் உட்கார்ந்து, அங்கேயும் தன் பெயரும் முந்தின வாரம் வரைந்த படமும் இருக்கின்றனவா என்று முதலில் பார்த்தான். இருந்தன.

பயனர்களை அடுக்குவதில் இரண்டு வழிகள் உண்டு. இவற்றைக் குழப்பிக்கொண்டால் பின்னால் சிரமம். ஒன்று, ஓ.யு. என்று சுருக்கமாகச் சொல்லும் பிரிவு. இன்னொன்று, குழு. பிரிவு என்பது வகுப்பறை போல. ஒரு பிள்ளை ஒரு நேரத்தில் ஒரு வகுப்பில்தான் உட்கார முடியும். பின்னணிப் படம் மாற்றக் கூடாது, கன்ட்ரோல் பேனல் தெரியக் கூடாது போன்ற விதிகளைப் பிரிவுக்குத்தான் பொருத்துகிறோம். இந்த விதிகளுக்குக் குழுக் கொள்கை என்று பெயர்; பெயரில் குழு இருந்தாலும் பொருத்துவது பிரிவுக்குத்தான். குழு என்பது சாரணர், ஜே.ஆர்.சி., நாட்டு நலப்பணித் திட்டம் போல. ஒரே பிள்ளை பலவற்றில் இருக்கலாம். எந்தக் கோப்புறையைத் திறக்கலாம், எந்தப் பிரின்டரில் அச்சடிக்கலாம் என்ற அனுமதிகளைக் குழுவுக்குக் கொடுக்கிறோம். ஆண்டு மலர்க் குழுவில் சேர்த்த ஒன்பது பிள்ளைகளுக்கு மட்டும் வண்ணப் பிரின்டர் தெரிகிறது. மலர் வேலை முடிந்ததும் குழுவிலிருந்து எடுத்துவிட்டேன், பிரின்டரும் மறைந்தது. ஜூன் மாதம் வகுப்பு உயர்வு வரும்போது பிள்ளைகளை ஒரு பிரிவிலிருந்து அடுத்ததற்கு நகர்த்தினால் அந்த வகுப்பின் விதிகள் தாமாகவே வந்து சேர்கின்றன.

கடவுச்சொல் விதிகள் அலுவலகங்களுக்காக எழுதப்பட்டவை. சாம்பா கையில் வரும்போதே குறைந்தது 7 எழுத்து, பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், குறியீடு ஆகியவற்றில் மூன்று வகையாவது கலந்த சிக்கலான சொல், 42 நாளுக்கு ஒருமுறை மாற்றம் என்று எதிர்பார்க்கிறது. பதினோரு வயதுப் பிள்ளையிடம் இதைக் கேட்பது நியாயமில்லை. கேட்டால் நோட்டின் பின்னட்டையில் எழுதி வைப்பார்கள். சாம்பா 4.9-இலிருந்து குழுவுக்குக் குழு வேறு கடவுச்சொல் விதி வைக்கலாம். ஆறு முதல் எட்டு வரை 6 எழுத்து, எளிய சொல், கல்வியாண்டு முடியும்வரை மாற்றத் தேவையில்லை. மேல் வகுப்புகளுக்கு 8. ஆசிரியர்களுக்கு 10, சிக்கலான சொல் கட்டாயம். மதிப்பெண் கோப்புகள் அவர்கள் கையில் இருக்கின்றன. மறந்துபோன கடவுச்சொல்லை மாற்றிக்கொடுக்கும் அதிகாரத்தை, அந்தந்த வகுப்புப் பிரிவுக்கு மட்டும், வகுப்பாசிரியருக்கே பகிர்ந்து கொடுக்க முடிகிறது. இதை நான் மிகவும் பாராட்டுகிறேன். இல்லையென்றால் ஒவ்வொரு பாடவேளையிலும் பத்துப் பேர் என் மேசையைச் சுற்றி நிற்பார்கள்.

கணக்குப் பூட்டு விஷயத்தில் கவனமாக இருங்கள். மூன்று முறை தவறினால் பூட்டு என்று முதலில் வைத்தேன். சேர்க்கை எண்கள் வரிசையாக வருவதால், பக்கத்தில் இருப்பவனின் எண் எல்லாருக்கும் தெரியும். ஒருவன் கணக்கை இன்னொருவன் வேண்டுமென்றே பூட்டுவது ஒரே வாரத்தில் விளையாட்டாகிவிட்டது. இப்போது 10 முறை, 5 நிமிடப் பூட்டு. தொல்லை நின்றது.

ரோமிங் புரொஃபைல் என்றொரு வசதி உண்டு. பயனரின் முழு அமைப்பும் அவர் உட்காரும் கணினிக்கு நகலாகி வந்து சேரும். கேட்க நன்றாக இருக்கிறது, எங்களுக்குச் சரிப்படவில்லை. மணி அடித்ததும் 32 பிள்ளைகள் ஒரே நேரத்தில் நுழைகிறார்கள். ஒருவருக்கு 150 எம்.பி. என்றால் மொத்தம் 4,800 எம்.பி. எங்கள் பழைய ஸ்விட்ச் நொடிக்கு 12 எம்.பி.க்கு மேல் தள்ளாது. ஏறத்தாழ 7 நிமிடம் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். பாடவேளையே 40 நிமிடம். அதை விட்டுவிட்டு, டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஆகிய இரண்டு கோப்புறைகளை மட்டும் சர்வருக்குத் திருப்பிவிட்டோம். பிள்ளை திறக்கும் கோப்பு மட்டும் வலையில் பயணிக்கிறது. ஒவ்வொருவருக்கும் 500 எம்.பி. இடம். பைத்தான் நிரலுக்கும் படத்துக்கும் அது தாராளம்.

2024 நவம்பர் மழையில் ஒரு நாள் காலை முழுக்க மின்சாரம் போய்ப் போய் வந்தது. பிற்பகல் பாடவேளையில் 17-ஆம் எண் கணினி மட்டும் யாரையும் உள்ளே விடவில்லை. கடவுச்சொல் சரி, கேபிள் சரி, பக்கத்துக் கணினியில் அதே பிள்ளை நுழைய முடிந்தது. வலது மூலையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். ஆண்டு 2011 என்று காட்டியது. பெட்டியைத் திறந்து மதர்போர்டிலிருந்த பொத்தான் பேட்டரியை எடுத்தேன்; விளிம்பில் பச்சை படிந்திருந்தது. பேட்டரி செத்தால், மின்சாரம் போகும் ஒவ்வொரு முறையும் கணினி தன் பிறந்த ஆண்டுக்குத் திரும்பிவிடும். கெர்பரோஸ் கொடுக்கும் டிக்கெட்டில் நேரம் குறித்திருக்கும். பழைய டிக்கெட்டைத் திருடி யாரும் பயன்படுத்திவிடக் கூடாது என்பதற்கான காவல் அது. கணினிக்கும் சர்வருக்கும் 5 நிமிடத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் டிக்கெட் செல்லாது. கடைத்தெருவில் புதிய பேட்டரி வாங்கிப் போட்டு, தேதியைத் திருத்தியதும் 17 வழிக்கு வந்தது. அந்த வாரமே 32 கணினிகளுக்கும் பேட்டரி மாற்றினேன். சர்வரில் க்ரோனி என்ற நிரல் இணையத்திலிருந்து நேரத்தை வாங்கி எல்லாக் கணினிகளுக்கும் கொடுக்கிறது. மின்வெட்டு உள்ள ஊரில் டைரக்டரி வைக்க நினைப்பவர்கள் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்.

ஒவ்வொரு முறை அணைத்து ஏற்றும்போதும் வட்டைப் பழைய நிலைக்கே கொண்டுவரும் உறைநிலை மென்பொருள் உங்கள் ஆய்வகத்தில் இருந்தால், இதையும் தெரிந்துகொள்ளுங்கள். டொமைனில் சேர்ந்த ஒவ்வொரு கணினிக்கும் தனிக் கடவுச்சொல் உண்டு. 30 நாளுக்கு ஒருமுறை கணினி தானே அதை மாற்றிக்கொள்ளும். உறைநிலை மென்பொருள் புதிய கடவுச்சொல்லை மறக்கடித்துவிடும். கணினிக்கும் டொமைனுக்கும் உறவு அறுந்துவிட்டது என்று ஒருநாள் செய்தி வரும். கணினிகள் தம் கடவுச்சொல்லை மாற்ற வேண்டாம் என்று குழுக் கொள்கையில் ஒரு விதி வைத்தால் தீர்ந்தது.

குறைகளுக்கு வருகிறேன். சாம்பாவுக்கென்று நிர்வாகத் திரை எதுவும் கூடவே வருவதில்லை. கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டும், அல்லது விண்டோஸ் புரோ உள்ள ஒரு கணினியில் மைக்ரோசாஃப்டின் நிர்வாகக் கருவிகளை நிறுவி அதிலிருந்து பார்க்க வேண்டும். நான் பெரும்பாலும் இரண்டாவது வழியில் போகிறேன். உதவிக்கு ஒருவரை உட்காரவைத்துக் கற்றுக்கொடுக்க அதுதான் எளிது. இரண்டாவது டைரக்டரி சர்வர் வைத்தால் பயனர் பட்டியல் தானாக இரண்டிலும் ஒன்றாகிவிடும்; ஆனால் கொள்கைக் கோப்புகள் இருக்கும் சிஸ்வால் என்ற கோப்புறை தானாக நகலாகாது, அதற்குத் தனி ஏற்பாடு செய்ய வேண்டும். விளக்க ஆவணங்கள் விரிவாக இருக்கின்றன, ஆனால் ஆங்கிலத்தில். ஆங்கிலத்தில் தடுமாறும் ஆசிரியர் இதைத் தனியாகத் தொடங்கினால் மனம் சோர்ந்துபோவார். தமிழில் ஒரு நல்ல கையேடு இல்லாதது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது. என் குறிப்பு நோட்டில் 60 பக்கம் சேர்ந்திருக்கிறது; கேட்கும் ஆசிரியர்களுக்கு நகல் எடுத்துக் கொடுக்கிறேன்.

ஓர் எச்சரிக்கையைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். டைரக்டரியில் ஒருவரைப் பற்றி எழுதும் பெரும்பாலான விவரங்களை, உள்ளே நுழைந்த எந்தப் பயனரும் படிக்க முடியும். அமைப்பே அப்படித்தான். தொலைபேசி, முகவரி, குறிப்பு என்று கட்டங்கள் காலியாக இருப்பதைப் பார்த்ததும் நிரப்பத் தோன்றும். எங்கள் அலுவலகத்திலும், எமிஸ் பட்டியலில் இருப்பதை எல்லாம் ஏற்றிவிட்டால் வசதியாக இருக்குமே என்று கேட்டார்கள். மறுத்துவிட்டேன். பெற்றோர் கைப்பேசி எண், ஆதார் எண், சாதி, உதவித்தொகை விவரம் எதுவும் அங்கே போகக் கூடாது. சேர்க்கை எண், பெயர், வகுப்பு, பிரிவு, இவை போதும். விவரம் தெரிந்த ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் பத்து நிமிடத்தில் முழுப் பட்டியலையும் எடுத்துவிடுவான். ஒரு பிள்ளையின் வீட்டு நிலைமை ஆய்வகத்தில் பேச்சாக மாற நாம் இடம் கொடுக்கக் கூடாது.

வேறு வழிகளையும் பார்த்தேன். கூகுள் கல்விக் கணக்குகளிலும் இதே போலப் பிரிவுகளும் குழுக்களும் உண்டு, அடிப்படைத் திட்டம் இலவசம். இணையம் தடையில்லாமல் வரும் பள்ளிக்கு அது வேலையை மிகவும் குறைக்கும். எங்களுக்கு மழைக்காலத்தில் இணையம் இரண்டு மூன்று நாள்கூட இல்லாமல் போகும். அப்போதும் செய்முறை வகுப்பு நடந்தாக வேண்டும். முழுக்க லினக்ஸ் ஆய்வகம் என்றால் டெபியன் எஜு என்ற தொகுப்பைப் பாருங்கள். நார்வேயில் 2001-இல் பள்ளிகளுக்கென்றே ஸ்கோலேலினக்ஸ் என்ற பெயரில் தொடங்கிய முயற்சி அது. எல்டாபும் கெர்பரோஸும் சேர்த்தே வருகிறது. விண்டோஸ் கணினிகள் அதிகம் இருந்ததால் நான் சாம்பாவில் நின்றேன். பத்துக் கணினிகளுக்குக் குறைவாக உள்ள பள்ளிக்கு இதில் எதுவும் வேண்டாம். வகுப்புக்கு ஒரு கணக்கும் பென்டிரைவும் போதும். வாரத்தில் இரண்டு மணி நேரமாவது ஒதுக்கக்கூடிய ஓர் ஆள் இல்லாத பள்ளியும் இதைத் தொடக் கூடாது. எனக்கு முதல் ஆண்டு வாரம் நான்கு மணி நேரம் ஆனது, இப்போது ஒன்றரை.

சான்றிதழ் வாங்கிக்கொண்டு போகும் பிள்ளைகளின் கணக்கை நான் அழிப்பதில்லை, முடக்கி வைக்கிறேன். ஒவ்வொரு கணக்கின் உள்ளேயும் எஸ்.ஐ.டி. என்ற அடையாள எண் இருக்கிறது. அனுமதிகள் அதன் பேரில்தான் பதிவாகின்றன. கணக்கை அழித்துவிட்டு அதே பெயரில் மறுபடி உருவாக்கினாலும் அடையாள எண் வேறாகத்தான் வரும், பழைய கோப்புகள் திறக்கமாட்டா. சென்ற ஜூலையில் சான்றிதழ் வாங்கிக்கொண்டு திருப்பூருக்குப் போன குடும்பம் ஒன்று, செப்டம்பரில் திரும்பி வந்தது. ஒன்பதாம் வகுப்புப் பெண். தலைமை ஆசிரியர் மறுசேர்க்கைக்குக் கையெழுத்திட்ட அன்று நான் அவள் கணக்கின் முடக்கத்தை எடுத்தேன். அவள் பாதியில் விட்டுப்போன அட்டவணை, விட்ட இடத்திலேயே இருந்தது.

சர்வர் காப்பு நகல் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தனி வட்டில் எடுக்கிறேன். அதற்கான கட்டளை சாம்பாவிலேயே இருக்கிறது. பருவத்துக்கு ஒருமுறை அந்த நகலிலிருந்து வேறொரு கணினியில் மீட்டுப் பார்த்து, எழுநூற்றுச் சொச்சம் பெயர்களும் வருகின்றனவா என்று சரிபார்க்கிறேன். நிர்வாகியின் கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதி, உறையில் இட்டு, அரக்கு வைத்து மூடித் தலைமை ஆசிரியரிடம் கொடுத்திருக்கிறேன். அவர் அறையின் பீரோவில், சேர்க்கைப் பதிவேடுகள் இருக்கும் தட்டில் அது இருக்கிறது.